எந்தப் பக்கத்துக் கோடு

காலை ஏழு மணிக்குக் கட்டிங் மாஸ்டர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால், வீட்டில் ஒரு சத்தம் கேட்கக் கூடாது. மனைவிக்கு இன்சுலின் ஊசி போடும் நேரம் அது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் ஊசிக்குழாயில் இருக்கும் கோடுகளை எண்ணுவார். முப்பது வருஷமாகத் துணியில் கோடு போட்டு வெட்டுகிறவர். கால் இஞ்சு பிசகினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. "நானே போட்டுக்கறேங்க" என்று மனைவி எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தாள். "உனக்கு எங்க கோடு தெரியப்போகுது? கொண்டா இங்க" என்று வாங்கிக்கொள்வார்.

இத்தனைக்கும் அவள் கையால் காஜா எடுக்கிறவள். பட்டன் நுழைகிற அந்தச் சின்ன ஓட்டையைச் சுற்றி நூலால் அவள் கட்டும் ஓரத்தைப் பார்த்து மிஷினே வெட்கப்படும். மாஸ்டரின் தையல்கடையில் அவளுக்குக் காஜாக்கா என்றுதான் பேர். தலைமுடி கனத்தில் இருக்கிற ஊசிக்கு நூல் கோக்கும் கண்ணுக்கு ஊசிக்குழாயின் கோடு தெரியாதாம்! யாரிடம் போய்ச் சொல்ல?

வீடு மாடியில், கடை கீழே. கடையில் ஐந்து மிஷின்கள். அந்த வீட்டில் இன்சுலினுக்கு 'யூனிட்' என்ற சொல்லே கிடையாது. "எத்தனை கோடு?" என்பார் மாஸ்டர். "இத்தனை கோடு" என்பாள் அவள். அளவு என்றால் கோடு, கோடு என்றால் மாஸ்டர். அதோடு பேச்சு முடிந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் டாக்டர் மருந்தை மாற்றினார். காலையும் மாலையும் போட்ட கலங்கலான பழைய மருந்தை நிறுத்திவிட்டு, நாள் முழுக்க நின்று வேலை செய்கிற புது இன்சுலினை எழுதிக் கொடுத்தார். அது தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. எப்படிப் போட வேண்டும் என்று விளக்க நர்ஸ் இருவரையும் கூப்பிட்டாள். மாஸ்டர் வராந்தாவில் நின்று, சீருடை ஆர்டர் கொடுத்தவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "நீ போய்க் கேட்டுட்டு வா" என்று கையை மட்டும் ஆட்டினார்.

"இது காலைல ஒரே தடவைதான் அக்கா. தினமும் ஒரே நேரத்துல போடணும். வேற எந்த மருந்தோடயும் கலக்கக் கூடாது" என்றாள் நர்ஸ். "முக்கியமா ஒண்ணு. இதுக்கு இந்த ஆரஞ்சு மூடி போட்ட ஊசிதான். நீங்க முன்னாடி வெச்சிருந்தீங்கல்ல சிவப்பு மூடி, அது அந்தப் பழைய மருந்துக்கு. மாத்திப் போட்டுடாதீங்க."

காஜாக்கா தலையாட்டிக்கொண்டு வெளியே வந்து, கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லத் தொடங்கினாள். மாஸ்டர் பாதியிலேயே வெட்டினார். வெட்டுவதுதானே அவர் தொழில்.

"கதையெல்லாம் வேணாம். எத்தனை கோடு?"

"பதினாறு. ஆனா அந்த மூடி..."

"பதினாறு. முடிஞ்சுது. வா."

இரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. சர்க்கரை அடங்கியது. அவள் முகத்தில் பழைய களை திரும்பியது. ஆரஞ்சு மூடி ஊசிகள் தீர்ந்துபோன திங்கட்கிழமைதான் சனியன் வீட்டுக்குள் நுழைந்தது.

"புது ஊசி வாங்கணுங்க."

"எதுக்கு? பீரோவுக்கு அடியில ஒரு டப்பா ஊசி பிரிக்காமக் கிடக்கே."

"அது சிவப்பு மூடிங்க. அந்த நர்ஸ் பொண்ணு..."

"மூடி சிவப்பா இருந்தா என்ன, பச்சையா இருந்தா என்ன? மூடியையா உடம்புல குத்தப்போறேன்? இதுலயும் கோடு இருக்கு, அதுலயும் கோடு இருக்கு. துண்டுத் துணியைக்கூட நான் வீணாக்கினது இல்ல, ஒரு டப்பா ஊசியைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்றியா?"

"ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டுடலாமே."

"கேட்டா சிரிப்பாங்க."

ஒரு போன். அவ்வளவுதான் ஆகியிருக்கும். ஆனால் அளவு தெரியாது என்று இன்னொருவரிடம் கேட்க மாஸ்டருக்கு வாய் வரவில்லை. சிவப்பு மூடியைக் கழற்றினார், ஒரு கண்ணை மூடினார், பதினாறாவது கோடு வரைக்கும் இழுத்தார். மயிரிழைகூடப் பிசகவில்லை.

அன்று மத்தியானம் காஜாக்காவுக்கு மின்விசிறிக்குக் கீழேயே வேர்த்துக் கொட்டியது. மறுநாள் விரல் நடுங்கி, நூல் ஊசிக்குள் போகவில்லை. இல்லாத எரிச்சல் வந்து, கடை இஸ்திரிக்காரரிடம் காரணமில்லாமல் கத்தினாள். பிறகு அவளே மன்னிப்புக் கேட்டு அழுதாள். இருபது வருஷத்தில் அவள் யாரிடமும் குரல் உயர்த்தி ஒருவரும் பார்த்ததில்லை.

"என்னமோ பண்ணுதுங்க. சுகர் ஒரு தடவை பாத்துடலாமா?"

"போன வாரம்தானே பாத்தோம்? சும்மா சும்மா விரலைக் குத்திக்கிட்டு இருப்பியா? வேலைன்னா உனக்கு இப்ப உடம்பு வணங்கல, அதைச் சொல்லு."

உடம்பு அவளுடையது, நோய் அவளுடையது, நர்ஸ் சொன்னதைக் கேட்ட காதும் அவளுடையது. தீர்ப்பு மட்டும் அவருடையது!

மூன்றாம் நாள் புதன்கிழமை. மத்தியானம் சாப்பிட மாடிக்கு வந்த மாஸ்டர் சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். காஜாக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை வேர்வையில் ஒட்டியிருந்தது. சர்க்கரை டப்பா மடியில். நடுங்குகிற கையால் ஒரு கரண்டி சர்க்கரையை அள்ளி, பாதியைச் சிந்தி, மீதியை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

மாஸ்டருக்குத் தலைக்கு ஏறியது. "அடிப்பாவி! தினம் ஊசி குத்தி உன்னைக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன், நீ திருட்டுத்தனமா சர்க்கரை திங்கிறியா?"

"கண்ணு இருட்டுதுங்க... கொஞ்சம்... ஒரே ஒரு வாய்..."

கரண்டியைப் பிடுங்கினார். டப்பாவைப் பிடுங்கி மூடி, அவளுக்கு எட்டாத மேல் தட்டில் வைத்தார். அவள் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வந்தாள், நாக்கு குழறியது. அதையும் அவர் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் தடதடவென்று கீழே இறங்கிப் போனார்.

கீழே இன்னொரு கூத்து. மூன்றாவது மிஷினில் உட்காரும் தையல்காரர் (கடையில் அவரை மூணாம் மிஷின் என்றுதான் கூப்பிடுவார்கள்) நாற்பது சீருடைக் கால்சட்டைகளுக்கு அடிமடிப்பு தைத்து அடுக்கியிருந்தார். ஒன்றை எடுத்துப் பிரித்த மாஸ்டர் பதறிப்போனார். கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. சீட்டில் 'மடிப்பு 4' என்று இருந்தது. அது சென்டிமீட்டர். மூணாம் மிஷின் டேப்பின் மறுபக்கத்தைப் பார்த்து நான்கு இஞ்சு மடித்துவிட்டார்.

மாடியில் பாதி கொட்டிய கோபத்தின் மீதி இங்கே கொட்டியது. கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி அந்த மனுஷன் முகத்துக்கு முன்னால் ஆட்டினார்.

"நாலுன்னா நாலுன்னு மடிச்சிடுவியா? நம்பரை மட்டும் பாத்தாப் போதுமா? எந்தப் பக்கத்துக் கோடுன்னு பாக்க வேணாமா? தெரியலைன்னா கேக்கிறதுக்கு வாய் இல்லையா உனக்கு? இந்தப் பக்கத்து ஒண்ணு அந்தப் பக்கத்துல ரெண்டரை! இதுகூடத் தெரியாம எதுக்கய்யா மிஷின் முன்னாடி உக்கார்றே?"

மற்ற நான்கு மிஷின்களும் நின்றன. ஐம்பது வயது மனிதர், கல்யாண வயதில் பெண் இருக்கிறவர், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "பிரிச்சுத் தைச்சுடறேன் மாஸ்டர்" என்றார் மெதுவாக.

இரண்டு மணி நேரம் கழித்து, காஜா முடிந்த சட்டைகளை வாங்கி வர அவரைத்தான் மாடிக்கு அனுப்பினார்கள். போன வேகத்தில் அவர் அலறல் கேட்டது. மாஸ்டர் ஓடினார். காஜாக்கா சமையலறையில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தாள். ஒரு முக்காலி கவிழ்ந்து கிடந்தது. மேல் தட்டை எட்டப் பார்த்திருக்கிறாள்.

மாஸ்டர் தலைகால் புரியாமல் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அவள் வாய்க்குக் கொண்டுபோனார். மூணாம் மிஷின் கையைப் பிடித்துத் தடுத்தார். "நினைவு இல்லாதவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க மாஸ்டர், மூச்சுல போயிடும். எங்க அண்ணனுக்கு இப்படித்தான் சர்க்கரை இறங்கிச்சு. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, நான் ஆம்புலன்சுக்கு அடிக்கிறேன்." போன் பேசிக்கொண்டே மேசைமேல் இருந்த மருந்துக் குப்பியையும் ஊசி டப்பாவையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் அந்த வீட்டில் புத்தி வேலை செய்தது அவர் ஒருவருக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வெகு நேரம் கழித்து அவள் கண் திறந்தாள். ஆனால் யாரையும் பார்க்கவில்லை. மாஸ்டருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"முழிச்சிட்டாளே டாக்டர், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"கூடவே கூடாது" என்றார், மூணாம் மிஷின் கொடுத்த குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா. "நீங்க போட்டது நாள் முழுக்க நிக்கிற இன்சுலின். உள்ள இன்னும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கு. ஏத்த ஏத்த இறங்கும். இங்கயே வெச்சுப் பாக்கணும். எந்த ஊசியில போட்டீங்க?"

மூணாம் மிஷின் பையிலிருந்து ஊசி டப்பாவை எடுத்து நீட்டினார். சிவப்பு மூடியைப் பார்த்ததும் டாக்டர் கையிலிருந்த குப்பியைத் திருப்பி அதன் மேல் எழுதியிருந்ததை மறுபடி படித்தார்.

"எத்தனை யூனிட் எடுத்தீங்க?"

"பதினாறு கோடு. மூணு நாளா இந்த ஊசியிலதான், சரியா எடுத்தேன் டாக்டர். என் கண்ணு தப்பாது."

"கண்ணு தப்பலை. ஊசி தப்பு. இந்த ஊசி, ஒரு மில்லியில நாப்பது யூனிட் இருக்கிற மருந்துக்குச் செஞ்சது. உங்க புது மருந்து கெட்டி. ஒரு மில்லியில நூறு யூனிட். இதுல பதினாறு கோடு இழுத்தா, உள்ள போறது பதினாறு இல்ல, நாப்பது யூனிட். ரெண்டரை மடங்கு. மூணு நாளா."

ரெண்டரை. மாஸ்டரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. டேப் அங்கேயே தொங்கியது, ஒரு பக்கம் இஞ்சு, மறுபக்கம் சென்டிமீட்டர். முப்பது வருஷமாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்த கணக்கு அது. அன்று மத்தியானம்தான் நாலு பேர் முன்னால் ஒருவரை அதை வைத்து அவமானப்படுத்தியிருந்தார்.

"வேர்த்திருக்கும், நடுங்கியிருக்கும், கோபம் வந்திருக்கும். எல்லாம் சர்க்கரை இறங்கினதுக்கு அடையாளம்" என்றார் டாக்டர். "மயக்கத்துக்கு முன்னாடி சர்க்கரை ஏதாவது குடுத்தீங்களா? ரெண்டு கரண்டி போயிருந்தாக்கூட ஆஸ்பத்திரிக்கு வர்ற வரைக்கும் தாங்கியிருப்பாங்க."

"அவளே எடுத்தா டாக்டர். நான்தான் புடுங்கிட்டேன்."

ஒன்பதாம் நாள் காஜாக்கா வீட்டுக்கு வந்தாள். நடந்தாள், சாப்பிட்டாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள். மூளை வெகு நேரம் சர்க்கரை இல்லாமல் கிடந்திருக்கிறது, போனதில் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஊசியைக் கையில் கொடுத்தால் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எதற்கு என்று தெரியவில்லை. கடைசியாக அவள் கையில் எடுத்த சட்டையில் பாதி காஜாவோடு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை முடிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் கீழே மூணாம் மிஷின் பிரித்துத் தைத்த நாற்பது கால்சட்டைகளையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "எல்லாம் சரியா வந்துடுச்சு மாஸ்டர்."

மாஸ்டர் அவற்றைத் தொடவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார்.

"நீங்க பண்ண தப்பைப் பிரிச்சுத் தைக்கலாமய்யா. நான் பண்ணதுக்குப் பிரிக்கிற வழி இல்ல. உங்க வீட்டுல யாருக்காவது இன்சுலின் போட்டா கோட்டை எண்ணாதீங்க. எத்தனை யூனிட்டுன்னு கேளுங்க, குப்பி மேல என்ன போட்டிருக்கு, அதுக்கு ஏத்த ஊசிதானான்னு பாருங்க. தெரியலைன்னா போன் பண்ணிக் கேளுங்க, சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. வேர்த்து நடுங்கி ஒரு வாய் சர்க்கரை கேட்டா உடனே குடுங்க. அந்த நேரத்துல அதுதான் மருந்து. ஊசி போட்டுக்கிறவங்க சொல்றதை முதல்ல கேளுங்க. நான் கேக்கல."

மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

சர்க்கரை டப்பா இப்போது தரையில், அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. அவரே அங்கே வைத்தது. டாக்டர் சொன்னபடி பத்து மணிக்குக் கொடுக்க வேண்டிய பிஸ்கட்டை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சட்டென்று கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"தின்னலாமா? திட்ட மாட்டீங்களே?"

எத்தனையோ பேரும் எத்தனையோ விஷயமும் மறந்துபோயிருந்த அந்த மூளையில் இது ஒன்று மட்டும் அழியாமல் இருந்தது. மாஸ்டர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இனிமே நீ என்னைக் கேக்காதடி. நான்தான் உன்னைக் கேட்டிருக்கணும்."

அவள் ஒன்றும் புரியாமல் அவரையே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பிஸ்கட்டை இன்னும் மறைத்து வைத்துக்கொண்டே, மறுபடியும் கேட்டாள்.

"தின்னலாமாங்க?"