ஒட்டிக் கொடுத்த முறைப்பாடு

மொன்றியல் சிறையொன்றில் மூன்று கிழமையாக அருமைநாதனுக்கு ஆஸ்துமா மருந்து கிடைக்கவில்லை. கைதிகளின் குறைகேட்கும் அலுவலகத்துக்குத் தமிழிலேயே முறைப்பாடு எழுதினார். வீட்டுக் கடிதம் போல இதையும் வாசிப்பார்களென்று உறையை ஒட்டாமல் காவலரிடம் நீட்டியவர், அடி விழுமென்று தோளைக் குறுக்கினார்.

முகவரியைக் கண்ட காவலர் உறையைத் தொடவில்லை. ஒட்டித் தரும்படி சைகை காட்டினார்.

"என்னடாப்பா, இவர் வாசிக்கேல்லை?" என்று பக்கத்து அறைப் பக்கம் திரும்பிக் கேட்டார் அருமைநாதன்.

"இதை வாசிக்க அவருக்கு உரிமையில்லை அண்ணை," என்று சிரித்தான் பக்கத்து அறை றெக்ஸ். "பேயறைஞ்ச மாதிரி நிக்காமல் ஒட்டுங்கோ."

ஐந்தாம் நாள் அந்த அலுவலகத்துப் பெண்மணி மொழிபெயர்ப்பாளரோடு வந்தார். அருமைநாதனின் மூச்சிரைப்பைக் கேட்டதும் சந்திப்பு அறைக் கதவைத் திறந்து வெளியில் நின்ற காவலரிடம் இரண்டு வார்த்தை சொன்னார். ஊரில் காக்கிச்சட்டையைக் கண்டாலே வேலியோரம் ஒதுங்கியவர், தன் மருந்துக்காக ஒரு காவலர் ஓடுவதை வாய்பிளந்து பார்த்தார்.

"முதல்ல மருந்தை இழுங்கோ ஐயா," என்றார் மொழிபெயர்ப்பாளர். "பேந்து கதைப்பம். அவ காத்திருப்பா."