வெயிலில் வெந்த பீன்ஸ்

இந்தக் காலத்தில் எவன் பசிக்குச் சாப்பிடுகிறான்? தட்டில் விழுந்ததும் போனில் படம் எடுக்கிறான், வாயில் போடுமுன் அதிலுள்ள சத்தைப் பற்றி ஊருக்குப் பாடம் நடத்துகிறான். எழுபத்தாறு வயதில் ஆர்லனுக்குப் பிடிக்காதவை எத்தனையோ உண்டு. அவற்றில் இதற்குத்தான் முதலிடம். அரிசோனாப் பாலைவனத்தில் குளிர்காலத்தைக் கழிக்க வண்டிவீடுகளை நிறுத்தியிருந்த முப்பது பேரில் எவருடைய கைச்சமையலையும் அவர் நம்பியதில்லை. வியாழன் மாலைதோறும் ஆளுக்கொரு பாத்திரத்தோடு நெருப்பைச் சுற்றிக் கூடுவார்கள். வைத்திருப்பதில் எல்லாம் ஒரு கரண்டியாவது எடுத்தாகவேண்டும், எடுக்காவிட்டால் அவமரியாதை. ஆர்லன் மட்டும் தகர டப்பா ஒன்றோடு வந்து, தன் கையாலேயே திறந்து, அதற்குள்ளேயே ஸ்பூனை விட்டுத் தின்பார். ஒன்பது குளிர்காலமாக இதே கதை.

அவர் முகர்ந்து பார்க்காமல் குடிப்பது பக்கத்து வண்டி டாட்டி தரும் காபியை மட்டும்தான். புருஷன் செத்தபின் வீட்டை விற்று வண்டிக்குக் குடிவந்தவள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அவளோடு கூடவே குடிவந்தன. அந்த வியாழன் காலையில் காபிக்காகப் படியேறியவர், அவள் அலமாரியில் பச்சையாக வரிசை கட்டி நின்ற கண்ணாடி ஜாடிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடி இது?"

"நம்ம கூட்டத்துக் கென்ட்ரா குடுத்தா. தோட்டத்துல கழிச்சுப்போட்ட பீன்ஸை மூட்டையா அள்ளிட்டு வந்து அடைச்சிருக்கா. உப்பு கிடையாது, ஒரு மருந்து கிடையாது. ஃப்ரிட்ஜ்ல எடமும் அடைக்காது. டப்பா உப்பு என்னைக் கொன்னுடும்னு டாக்டர் சொன்னாருல்ல? மூணு வாரமா இதான். சுகர் எப்படி இறங்கியிருக்கு பாரு!"

"எதுல வெந்துச்சு?"

"சூரிய அடுப்புல. கேஸ் ஒரு பொட்டு செலவில்ல. வெயிலு இலவசம்தானே?"

ஆர்லன் ஒரு ஜாடியை எடுத்து மூடியை நகத்தால் தட்டினார். சத்தம் சரியாகத்தான் வந்தது. உள்ளே காற்றே இல்லை என்று அர்த்தம். அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு விட்டவர் அவர். ஆனால் காய்கறியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் முப்பத்தோரு வருடம் நீராவி அண்டாவோடு நின்றவர். மண்ணோடு வரும் ஒரு விஷக்கிருமி உண்டு. கொதிக்கிற தண்ணீருக்கும் அசையாது. பிரஷரில் வைத்தால்தான் சாகும். சாகாமல் காற்றில்லாத ஜாடிக்குள் மாட்டிக்கொண்டால் அங்கேயே சாவகாசமாக விஷத்தைக் கக்கும். நிறம் மாறாது, நாறாது, சில சமயம் மூடிகூட உப்பாது. கூட வேலை செய்தவனின் பெண்டாட்டி இர்மா, வீட்டில் அடைத்த ஜாடி ஒன்றைத் திறந்து தின்றாள். முதலில் தொண்டை வறண்டது. பிறகு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இமை சரிந்தது. நாலாம் நாள் மூச்சு விடவே அவள் நெஞ்சு மறந்துபோனது.

"இதைக் கொட்டு. இல்லேன்னா, திறந்ததும் பத்து நிமிஷம் தளதளன்னு கொதிக்க வை. கிருமி சாகாட்டியும் அது கக்குன விஷம் முறிஞ்சிடும். என் சிலிண்டரைத் தர்றேன்."

டாட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? தீக்குச்சி கேட்டாக்கூட எண்ணிக் குடுக்கிற ஆளு நீ!"

சிலிண்டரை மணலில் இழுத்துவந்து அவள் வாசலில் வைத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. "சரிய்யா, கொதிக்க வைக்கிறேன், போ" என்றாள். ஆளைக் கிளப்பினால் போதும் என்று சொன்ன மாதிரிதான் இருந்தது.

மாலையில் போனபோது சிலிண்டர் வைத்த இடத்திலேயே இருந்தது. நெருப்பருகே மேசையில் பெரிய கிண்ணம் நிறையப் பீன்ஸ், மேலே வெங்காயமும் எலுமிச்சையும். ஜில்லென்று இருந்தது. கென்ட்ரா கையில் போனோடு கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நாற்பதைத் தாண்டியவள், குறைந்த காசில் சத்தாகச் சாப்பிடுவது எப்படி என்று உலகத்துக்கே சொல்லிக்கொண்டிருப்பவள்.

"பெருசு, இன்னிக்காவது நம்ம சாப்பாட்டுல கை வையி. அந்த டப்பா உன்னைப் பாதி மம்மியாக்கிடுச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள்.

"இதைக் குக்கர்ல வெச்சியா?"

"ஒரு மணி நேரம் குக்கர் வெச்சா சிலிண்டர் காலி. என் சூரிய அடுப்புல கொதி வந்துச்சு, என் கண்ணால பாத்தேன். முப்பது ஜாடி தின்னாச்சு, ஒருத்தரும் சாகல."

"முப்பத்தொண்ணாவது?"

"உனக்கு எல்லாமே விஷம்தான்யா. போன வருஷம் தண்ணி லாரிக்காரனையும் இதான் சொன்ன!"

அதுவும் உண்மைதான். அதனால்தான் ஒருத்தனும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. முதல் கரண்டி கிண்ணத்துக்குள் இறங்கும்போதே ஆர்லன் மேசையின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். கிண்ணம் உருண்டு, பீன்ஸ் மொத்தமும் மணலில் சிதறியது.

சிரிப்பு நின்றது. டாட்டிதான் முதலில் எழுந்தாள், முகமெல்லாம் சிவந்து. "அசிங்கம் புடிச்ச மனுஷா! சாப்பாட்டை மண்ணுல கொட்டுறியே! இதே ஜாடியைத்தான் நேத்து மத்தியானம் திறந்து நான் பாதி சாப்பிட்டேன். மிச்சத்தைத்தான் கிண்ணத்துல கலந்தேன். இதோ, குத்துக்கல்லாட்டம் நிக்கலையா?"

நிற்கத்தான் செய்தாள். சொல்லிமுடித்ததும் தண்ணீர்ப் போத்தலை எடுத்து ஒரு மடக்கு குடித்தாள். புரை ஏறியது. இருமினாள். இன்னொரு மடக்குக்கும் அதேதான்.

"தொண்டை வறளுதா?" ஆர்லனின் குரல் இறங்கிவிட்டது.

"பாலைவனத்துல எவன் தொண்டைதான் வறளல?"

"இது எத்தனை?" என்று விரல்களை நீட்டினார்.

டாட்டி ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். "மூணு. போதுமா, டாக்டரே?"

மூன்றுதான்.

"ஏன் கண்ணை இடுக்குற? வா, என் வண்டியில ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"வெயிலு கண்ணுல அடிக்குதுய்யா. உன்கூட நான் எங்கயும் வர்றதா இல்ல. ஆளை விடு!"

கென்ட்ரா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். யாரோ வேறு பாத்திரத்தைத் திறந்தார்கள். கைகள் தட்டுகளுக்குத் திரும்பின. ஆர்லன் தன் டப்பாவைத் திறக்காமலே மேசையில் வைத்துவிட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிட, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான கரட்டு மேட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார். முதுகுக்குப் பின்னால் மறுபடி சிரிப்புக் கேட்டது; நடுவே ஒரு இருமல். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தார். டாட்டி இருந்த இடத்திலேயே, இன்னும் ஒரு கண்ணை இடுக்கியபடி இருந்தாள். சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது; கண்ணில் அடிக்க அங்கே வெயிலே இல்லை. அவளுடைய நிழல் நீண்டு, சிந்திய பீன்ஸைத் தாண்டி, அவர் நின்ற இடம்வரை வந்திருந்தது.

போனை எடுத்துப் பார்த்தார். சிக்னலில் ஒரு கோடும் இல்லை. கரட்டுப் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் வேகமாக நடந்தார்.