வாசல் இல்லாத ஆபீஸ்

லேப்டாப் திரையில் இரண்டு முகங்கள். ஒருவர் என் மேலாளர். இன்னொருவர் பாதுகாப்புப் பிரிவாம். கேள்வியை அவர்தான் கேட்டார்.

"உங்க வைஃபைல பக்கத்து வீட்டு போனெல்லாம் ஓடுதே. தர்மசத்திரமா நடத்துறீங்க?"

என்ன பேசுகிறார் என்றே புரியவில்லை. அவர் படித்துக்காட்டினார். மாடி அக்காவின் போன். அவள் கணவர் கையில் கட்டும் வாட்ச். எதிர்வீட்டு டிவி. எது எப்போது விழிக்கிறது, எப்போது அடங்குகிறது என்பதுவரை அவரிடம் இருந்தது.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

"லேப்டாப்ல நம்ம மென்பொருள் இருக்கும்மா. சேரும்போதே சம்மதம் குடுத்திருக்கீங்க."

கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவும் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் வேலை கிடையாது. அதற்குப் பெயர் சம்மதம்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு வரும் தொலைபேசிப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது என் வேலை. யாருக்கு என்ன நோய், அதை யாரிடம் மறைக்கிறார்கள் என்பதெல்லாம் என் காதுக்கு வரும். அதனால் வீட்டு இணைப்புக்குப் பாஸ்வேர்டு கட்டாயம். முதல் நாளே போட்டிருந்தேன்.

"அப்பா, நான் போட்ட பாஸ்வேர்டு என்னாச்சு?"

குழாய் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா பெருமையாகத்தான் சொன்னார். "கனெக்‌ஷன் குடுத்தவரக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லிட்டேம்மா. மாடிப் பொண்ணு அதக் கேட்டு வாசல்ல நிக்குது. எதிர்வீட்டுக்காரர் தலையச் சொறியிறாரு. பாக்க நல்லாவா இருக்கு? வாசல்ல நின்னு கேக்குறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

என்னைக் கல்லூரியில் சேர்க்க அவர் நிற்காத வாசல் இல்லை. என்னால் திட்டக்கூட முடியவில்லை.

திரைக்குத் திரும்பினேன். "யாராவது எதையாவது எடுத்தாங்களா சார்?"

"எடுத்த மாதிரி தெரியல. எடுத்திருக்கலாம்."

அவ்வளவுதான். வேலை போயிற்று. திரை தானாகப் பூட்டிக்கொண்டது. கேமரா பக்கத்துச் சின்ன விளக்கு மட்டும் அணையவில்லை.

வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். அதற்குள் அப்பா இஸ்திரி போட்ட சட்டைக்கு மாறியிருந்தார்.

"ஆபீஸ் எங்கம்மா இருக்கு? நான் போய் நின்னு சொல்றேன். தப்பு என்னோடதுன்னு."

"தெரியாதுப்பா. நானே பாத்ததில்ல."

மேலாளர் போனில் அழைத்தார். "லேப்டாப் இணைப்புல இல்லன்னு காட்டுது. ஆள் வந்து எடுத்துட்டுப் போறவரைக்கும் ஓடணும்மா. பாஸ்வேர்டு கீஸ்வேர்டுன்னு எதையும் மாத்தாதீங்க, விசாரணை முடியல. அப்புறம் அனுபவச் சான்றிதழுக்கு நான் பொறுப்பில்ல."

அந்தச் சான்றிதழ் இல்லாமல் இன்னொரு வேலைக்கு எவன் கூப்பிடுவான்?

மாடியிலிருந்து குரல் வந்தது. "மாமா, நெட்டு போயிடுச்சா?"

வெளியே போய் நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன். "அக்கா, இனி எங்க நெட்ட எடுக்காதீங்க. உங்க போன, வாட்ச எல்லாம் எங்க ஆபீஸ்ல கணக்கெடுக்குறாங்க."

அக்கா சிரித்தாள். "எங்கிட்ட எடுக்க என்னடி இருக்கு? நீ போடு."

அவர் படித்துக்காட்டிய கணக்குப்படி, அவள் வீட்டில் விடியுமுன் வெகுநேரம் யாரோ தூங்காமல் இருக்கிறார்கள். நான் கேட்காமலேயே அது எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படிச் சொல்வேன்?

உள்ளே வந்து, பிடுங்கிய ஒயரை என் கையாலேயே மாட்டினேன்.

"வந்துடுச்சு மாமா!"

அப்பா கிளம்ப இடமில்லாமல், சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.