பூண்டுக்கு எதற்குப் பந்தல்?

ஓடைப்பட்டியில் வேல்விழியிடம் பேச்சுக் கொடுத்தால் லேசில் கிளம்ப முடியாது. கேள்வி கேட்பது அவளுக்குப் பிறவிக் குணம். உரக்கடைக்காரர் மருந்துப் புட்டியை நீட்டினால், உள்ளே என்ன இருக்கிறது, எந்த ஊரில் செய்தது, போன வருஷம் இதே மருந்துக்கு ஏன் பூச்சி சாகவில்லை என்று பிடித்துக்கொள்வாள். புருஷன் கர்ணன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பான்.

அப்படிப்பட்டவளைத் தேடிப் பிடித்து, திராட்சை விவசாயிகள் பாதுகாப்பு மன்றத்தின் செயலாளர் ஆக்கினார் பாண்டியராஜன். மதுரையிலிருந்து காரில் வந்தவர். விவசாயம் படித்தவர், தன்மையாகப் பேசுவார். நிலக்கரி எரிக்கும் பெரிய ஆலைகள் காற்றில் விடுகிற கார்பனுக்கு அரசாங்கம் உச்சவரம்பு கொண்டுவரப் போகிறதாம். அதற்கு முன்பு மக்கள் கருத்தைக் கேட்கத் தேனியில் கூட்டம் போடுகிறார்களாம்.

"அது வந்துச்சுன்னா சிமெண்ட் விலை ஏறும்க்கா. கரண்ட் ஏறும். உங்க திராட்சைப் பந்தல் தூணு, கம்பி எல்லாம் ஏறும். கடைசியில அடிபடுறது விவசாயிதான். நீங்க வந்து எடுத்துச் சொல்லணும்."

"சொல்றேன் தம்பி. நம்ம மன்றத்துல வேற யாரு யாரு இருக்காக?"

"எல்லாரும்தான்க்கா."

"எங்க தெருவுல ஒருத்தரையும் காணமே?"

அவர் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போனார்.

விலை ஏறும் என்பதை வேல்விழி நம்பினாள். இன்னொன்றும் அவளை அரித்தது. போன தை மாதம் குலை வெட்டப் போகிற நேரத்தில், காலமில்லாத காலத்தில் மழை கொட்டிப் பழமெல்லாம் வெடித்து, தோட்டமே புளித்த வாடை அடித்தது. கார்பன் கூடக்கூட மழை தாறுமாறாகும் என்று டிவியில் சொல்லக் கேட்டிருந்தாள். அதைப் பாண்டியராஜனிடம் கேட்டாள்.

"அதெல்லாம் இன்னும் உறுதியாகலக்கா" என்றார், போனைப் பார்த்தபடி.

பேச வேண்டியதை அவரே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார். பந்தலில் கொடி கட்டும்போதெல்லாம் அதைப் போட்டுக் கேட்டு வேல்விழி மனப்பாடம் செய்தாள். கூடவே இருந்த கர்ணனுக்கும் பாடமாகிவிட்டது.

கூட்டத்தன்று தேனி மண்டப வராந்தாவில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சாமி கும்பிடுகிறாள் போல என்று வேல்விழி தாண்டிப் போகப் பார்த்தாள். காதில் விழுந்த சொற்கள் அவளை நிறுத்தின.

"தலைமுறை தலைமுறையா பூண்டை நம்பி வாழுற நாங்க... பந்தல் தூணு விலை ஏறுனா எங்க கதி என்ன?"

வேல்விழி அவளருகில் உட்கார்ந்தாள். "யக்கா, எந்த ஊரு?"

"வடுகபட்டி. பிச்சையம்மாள்னு சொன்னா மார்க்கெட்ல எல்லாருக்கும் தெரியும். பூண்டு யாவாரம்."

"பூண்டுக்கு எதுக்குக்கா பந்தல்?"

"அதைத்தான் ஆத்தா நானும் கேட்டேன். நீங்க சும்மா சொல்லுங்கன்னு சொல்லிட்டாக."

"யாரு சொன்னாக?"

"மதுரைத் தம்பி. பாண்டியராஜன்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிச்சையம்மாளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வேல்விழியும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் எழுந்து பாண்டியராஜனைத் தேடிக் கிளம்பிவிட்டாள்.

அவர் டீ வாங்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்களை அனுப்புனது யாரு?"

மழுப்பப் பார்த்தார். அவள் நகரவில்லை. கடைசியில் சொன்னார்: "ஆலைக்காரங்க சங்கம்க்கா. அவங்க ஒரு சென்னைக் கம்பெனிகிட்ட வேலையைக் கொடுத்திருக்காங்க. நான் அங்க சம்பளத்துக்கு இருக்கேன்."

"அவுகளே வந்து பேசுனா என்ன?"

"அவங்க பேசுனா யாரு நம்புவா? நீங்க பேசுனாத்தான் ஆபீசர் நிமிர்ந்து பார்ப்பாரு."

வேல்விழிக்குச் சுருக்கென்றது. ஆனால் அதையும் மீறி ஓர் ஆவல் கிளம்பியது. இத்தனை ஏற்பாடும் செய்துவிட்டுத் தன் வாயில் ஒளிந்துகொண்டிருக்கும் அந்த ஆள் எப்படி இருப்பார்?

"இங்கன வந்திருக்காகளா?"

பாண்டியராஜன் டீயை உறிஞ்சினார். அவர் கண் மட்டும் தன்னையறியாமல் மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பியது. நீலச் சட்டை போட்ட வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார்.

பெயரைக் கூப்பிட்டதும் வேல்விழி மைக் முன்னால் போய் நின்றாள். மனப்பாடம் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டாள்.

"ஐயா, இந்த வரம்பு வந்தா எனக்கு நல்லதா கெட்டதான்னு நெசமாவே தெரியல. தூணு விலை ஏறும்ங்கிறாக. வரம்பு இல்லாட்டி மழை கெடும்ங்கிறாக. தெரிஞ்சவுக ஒருத்தர் பின்னாடி உக்காந்திருக்காரு. அவரை முன்னாடி கூப்பிடுங்க. நான் கேக்கணும்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அதிகாரி கேட்டதும் நீலச் சட்டைக்காரர் தயங்கித் தயங்கி எழுந்து, ஆலைகள் சங்கத்திலிருந்து வருவதாக ஒப்புக்கொண்டார்.

"அந்தக் கார்பனைக் குறைக்கவே முடியாதா சார்?"

"முடியும்மா. உலையை மாத்தணும். அதுக்குச் சில வருஷம் ஆகும்."

"அந்தச் செலவைத் தூணு விலையில ஏத்துவீகளா?"

"கொஞ்சம் ஏத்தத்தான் வேண்டியிருக்கும்."

"இதை நீங்களே சொல்லியிருக்கலாமே? இந்தக்கா பூண்டுக்குப் பந்தல் போட்டுச் சொல்லணுமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிச்சையம்மாள் எழுந்து கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அதிகாரி நீலச் சட்டைக்காரரை முன்வரிசையில் உட்காரச் சொன்னார். அதன் பிறகு பேச வந்தவர்கள் எல்லாரும் அவரிடமே கேட்டார்கள். கடைசியில் வியர்வையைத் துடைத்தபடி, "ஒருநாள் ஆலைக்கு வந்துதான் பாருங்களேம்மா" என்றார். மரியாதைக்குச் சொன்ன பேச்சு. வேல்விழி அங்கேயே அவர் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

சில மாதம் கழித்து உச்சவரம்பு வந்தது. முதலில் சொன்ன அளவைத் தளர்த்தவில்லை, ஆனால் ஆலைகளுக்குக் கூடுதலாகக் காலம் கொடுத்திருந்தார்கள். பாண்டியராஜன் கூட்டத்துக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறினார். மன்றமும் அதோடு சரி.

வேல்விழி மட்டும் விடவில்லை. நீலச் சட்டைக்காரர் இன்று நாளை என்று இழுத்தார். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் வரச் சொன்னார். கர்ணனையும் பிச்சையம்மாளையும் கூட்டிக்கொண்டு, தெற்கே அவர் சொன்ன ஒரு சிமெண்ட் ஆலைக்கு பஸ் ஏறிப் போனாள்.

உலைக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை, அப்படி ஒரு அனல். வெளியே வந்து, அண்ணாந்து பார்க்கவே கழுத்து வலிக்கிற புகைபோக்கியின் கீழே நின்றார்கள். மேலே வெள்ளையாக லேசாக ஏதோ போய்க்கொண்டிருந்தது.

"அதுதான் கார்பனா?"

"இல்லம்மா, அது நீராவி" என்றார் கூட வந்த இன்ஜினியர். "கார்பன் கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாததை எப்படி அளக்குறீக?"

இன்ஜினியர் வாட்சைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "வாங்க, காட்டுறேன்" என்று படிக்கட்டுப் பக்கம் நடந்தார். பிச்சையம்மாள் சேலையை இழுத்துச் செருகினாள். வேல்விழி அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தாள்.