சங்கு ஊதப்படாத வீடு

விடியற்காலத்து இளவெயில் மலைமுகட்டினின்றும் இறங்கி, வாழைத்தோட்டங்களின் பனியை உலர்த்தி, ஆன்ஸ் கலே என்னும் மீனவர் ஊரின் தகரக் கூரைகளிற் பொன்பூசி நின்ற வேளையில், மூன்று தெருக்களை முன்னரே விழுங்கிவிட்ட கரிபியன் கடல், பசியாறாத விலங்கென நான்காம் தெருவின் வாயிற்படிகளை நக்கிக்கொண்டிருந்தது. அத்தெருவின் முதல் வீட்டிற் பிறந்து, இன்று அவ்வூர் அமைந்த சிறு தீவரசின் அயலுறவுச் செயலராய் உயர்ந்திருந்த எர்மினா, காலணிகளைக் கையிலேந்தி ஈரமணலில் நடந்து வந்தாள்; அவள் நெஞ்சிற் சுமந்து வந்ததோ கருங்கல்லினும் கனத்ததொரு கேள்வி.

வடதிசைப் பேரரசொன்று, மக்களாட்சியைப் போற்றுதற்கென நாடுகளை ஒரு மாநாட்டுக்கு அழைத்திருந்தது. கூப்பிடு தொலைவிலுள்ள அண்டைத் தீவை மட்டும் அழையாது விடுத்திருந்தது. வந்தமர்ந்தால் ஆன்ஸ் கலேக்குக் கடற்சுவர் எழுப்பித் தருவோமென்று அப்பேரரசின் தூதர் மென்குரலிற் சொல்லிச் சென்றிருந்தார். நண்பகலுக்குள் விடையளிக்க வேண்டும். சுவர் எவர்க்கோ அவரே சொல்லட்டுமென்று அமைச்சர் தியோபில் அவளை அனுப்பியிருந்தார். போகலாமென ஊரார் சொல்லிவிட வேண்டுமே என்று அவள் உள்ளூர ஏங்கினாள். அந்த முதல் வீட்டில் அவள் தாய் இன்னும் வாழ்ந்திருந்தாள்.

அன்று ஊர் கூடி, அதே தெருவிலிருந்த மாலித் என்பவளின் சாய்ந்த வீட்டை நிமிர்த்திக்கொண்டிருந்தது. இத்தகு கூட்டுப்பணிக்கு ஒவ்வொரு வாயிலிலும் நின்று சங்கு ஊதியழைப்பர். ஒரு வீடு விடுபட்டாலும் எவரும் ஒரு பலகையையும் தொடார். எர்மினா ஒன்றும் ஒளியாது உரைத்து முடிக்க, மாலித் வாயிற் கவ்வியிருந்த ஆணிகளைக் கையில் உமிழ்ந்தாள்.

"ஏன்டி எர்மினா, பக்கத்துத் தீவு வாசல்ல மட்டும் சங்கு ஊதலையாக்கும்?"

"ஊதல அக்கா. ஆனா சுவர் வேணுமே. அடுத்த புயலுக்கு இந்த வரிசையே நிக்காது."

"நிக்காதுதான். போன புயல்ல மருந்தோட மொதப் படகுல வந்தது யாரு, அந்தத் தீவுக்காரனா, உன் தூதரா? அவர் கோட்டு நனைஞ்சிடுமே."

கூட்டம் சிரித்தது. மாலித் சிரிக்கவில்லை.

"வந்தவன வெளிய நிக்க வெச்சுட்டு, உள்ள போயி எல்லாரும் சமம்னு பேசச் சொல்றியா? நம்மால ஆகாது."

கைகளை எண்ணினர். போகலாமென்றோர் நால்வர், கைக்குழந்தையை ஏந்தி நின்ற இளந்தந்தை அவருள் ஒருவன். அவரை எவரும் பழிக்கவில்லை. ஏனைய கைகளெல்லாம் மறுத்து உயர்ந்தன; அவற்றுள் மெலிந்து சுருங்கிய கையொன்று தன் தாயுடையதெனக் கண்ட எர்மினா, கண்ணீர் மறைக்கத் தலைகவிழ்ந்தாள். பின்னர்ப் படகொன்றின் விளிம்பில் தாளை விரித்து எழுதினாள்: 'எம் அண்டை வீட்டாரை அழையாத அவையில் எமக்கும் இருக்கை வேண்டா.' அமைச்சர் ஒரு சொல்லையும் மாற்றாது கையொப்பமிட, நண்பகலுக்கு முன்னரே மடல் கடல் கடந்தது.

சுவர் வரவில்லை. அவ்வாண்டின் பெரும்புயலில் அந்த நான்காம் தெரு முழுதும் கடலுள் இறங்கிற்று. கதவுகளைத் தலையிலும், தாயரை முதுகிலும் சுமந்து அம்மக்கள் மேட்டுநிலம் ஏறினர். ஒருவரேனும் எர்மினாவை நோக்கி ஏன் எழுதினாயென்று கேட்டாரல்லர். அறிவுடையீர், வீட்டை இழந்தோர் மீண்டும் கட்டிக்கொள்வர். அண்டையனை விற்றுப் பெற்ற சுவருக்குள் உறங்கக் கற்றோர்க்கு அதன்பின் கட்டுதற்கு யாதுளது?