ஒரு மாட்டு வண்டிக்கு எட்டு கார்

பூந்தமல்லி நெடுஞ்சாலையை அகலப்படுத்தக் கோரும் போராட்டக் குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருமே பக்தவத்சலம்தான். ஓய்வு பெற்ற ஹெட் கிளார்க். சாலையின் தெற்கு ஓரத்தில் அவர் வீடு. வாசல் கேட்டின் மேல் தன் பொறுப்புகள் அத்தனையும் எழுதி ஒரு வளைவு கட்டியிருந்தார். ரோட்டைவிட அது அகலம் என்று லாரிக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

எதிரே, வடக்கு ஓரத்தில், வடிவின் இட்லிக் கடை. நெரிசலில் மாட்டிய லாரிகள் நின்றால்தான் அவளுக்கு வியாபாரம். புருஷன் செத்த பிறகு இரண்டு பெண்களையும் படிக்கவைத்தது அந்தக் கடைதான். 1991-ல், அவள் பக்கம் இருபது அடி எடுத்து ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அதற்கு முன்னால் ஒரு வாரம் வண்டிகளை எண்ணுவார்களாம்.

வடிவின் அண்ணன் ஜெயராமன் பாரிவாக்கத்தில் வைக்கோல் வண்டி ஓட்டுகிறவன். அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"எண்ணுற வாரம் பூரா ரோட்ல மாட்டு வண்டியா உடுவோம். இது பட்டிக்காட்டு ரோடு, இதுக்கு இன்னாத்துக்கு அகலம்னு எழுதிகினு பூடுவான்."

"நெஜமாவா அண்ணாத்தே?"

"பாத்துகினே இரு."

திங்கட்கிழமை முதல் பாரிவாக்கம், வெள்ளானூர் வண்டிகள் எல்லாம் ரோட்டுக்கு வந்தன. போவதும் வருவதுமாக இருந்தன. சிலதில் வைக்கோல், சிலதில் ஒன்றுமில்லை. வேம்புலி என்பவனின் வண்டியில் அவன் மாமியார்.

வண்டிகளை எண்ண வந்த நெடுஞ்சாலைத் துறை சம்பத், நிழலுக்காக வடிவின் கடையிலேயே உட்கார்ந்து கோடு போட்டார். ஏழாம் நாள், நாலாவது இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்:

"இவ்ளோ நெரிசலை நான் எந்த ரோட்லயும் பாக்கலம்மா. அகலப்படுத்தியே ஆகணும்."

"இன்னா சார்? பூரா மாட்டு வண்டிதானே போச்சு?"

"அதனாலதான். மெதுவாப் போவும், எடத்த அடைக்கும். எங்க கணக்குல ஒரு மாட்டு வண்டி எட்டு காருக்குச் சமம்."

வடிவின் கையில் சட்னிக் கரண்டி அப்படியே நின்றது. கடைக்குள் நின்ற ஜெயராமன் வெளியே திரும்பித் தன் மாடுகளைப் பார்த்தான். முகத்தில் பயம்தான்; ஆனால் முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

"அப்போ நம்மகிட்ட எட்டு காரு கீதா சார்?"

"உன் எட்டு காரும் சேந்து என் வாயில மண்ணப் போட்ருச்சு. எந்திரிச்சுப் போ!" என்றாள் வடிவு.

மூன்று மாதம் அவள் அண்ணனோடு பேசவில்லை. ஒரு நாள் காலையில் சம்பத் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"ஆர்டர் வந்துட்டுதும்மா. இத்தனை மாட்டு வண்டி போற ரோட்ல அதுங்களுக்கு உன் பக்கமா மண் ஓரம் விடணும்னு இன்ஜினியர் எழுதிட்டாரு. அதனால உன் பக்கம் தொடமாட்டாங்க. இருபது அடியும் தெற்கால."

தெற்கே வளைவு இருந்தது.

பக்தவத்சலம் இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் நன்றி அறிவிப்புக் கூட்டம் போட்டு, வளைவைத் தாமே மக்களுக்கு அர்ப்பணித்துவிட்டதாக அறிவித்தார். நோட்டீசில் நாற்பத்திரண்டு பேருக்கு நன்றி. அதில் மூன்று இடத்தில் அவர் பெயர். மாடுகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

வேலை முடிந்ததும் நெரிசல் போய்விட்டது. லாரிகள் போகவில்லை. ஒதுங்கி நிற்க மண் ஓரம் இருந்ததால், அவசரமாக நின்று விழுங்கியவர்கள் இப்போது உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கூட்டம் நடந்த அன்றே வடிவு அரிசி களைந்த தண்ணீரில் தவிடு கலந்து வாளியோடு அண்ணன் வண்டியிடம் போயிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. மாடுகள் குடித்து முடிக்கும்வரை கழுத்தைத் தடவிக்கொண்டே நிற்பாள்.

"மாட்டுக்கு மரியாத. ரோசன சொன்னவனுக்கு இன்னா கீது?" என்றான் ஜெயராமன்.

"உன் ரோசனைக்கு உன்னத்தான் நுகத்துல பூட்டணும். உள்ள வந்து உக்காரு அண்ணாத்தே."

இலையைப் போட்டாள். எட்டு இட்லி வைத்தாள்.