எட்டில் செவ்வாய்

"ஒரு மணித்தியாலம் முந்திப் பிறந்ததா எழுதுவம், பிள்ளை. ஆருக்குத் தெரியப்போகுது?"

யாழ்ப்பாணத்திலிருந்து போனில் கெஞ்சினார் அம்பலவாணர். மகள் கஜாலினி ஷார்ஜாவில், தன் ஒற்றை அறை வீட்டில், சாப்பாட்டுத் தட்டோடு நின்றிருந்தாள். சாதகத்தில் எட்டில் செவ்வாய் உள்ள பெண்ணைக் கட்டுகிறவன் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவானாம். முன்பு வந்த வரன்களெல்லாம் அதைக் கேட்டு வாசலோடு திரும்பியிருந்தார்கள். பிறந்த நேரத்தை மாற்றினால் செவ்வாயும் இடம் மாறிவிடும் என்று சாதகம் பார்க்கும் சாத்திரியாரே வழி சொல்லிக்கொடுத்தார். கிரகத்தையே நகர்த்துகிற கெட்டிக்காரர்!

"மாட்டன், அப்பா."

வளிமண்டலவியல் படித்தவள் அவள். கொழும்பில் மழையையும் காற்றையும் ஆராய்ந்தாள்; ஒப்பந்தம் முடிந்ததும் ஆராய்ச்சியும் முடிந்தது. பிறகு தானாகவே தரவுப் பகுப்பாய்வு கற்றுக்கொண்டு இங்கே ஒரு சூரிய மின் நிலையத்தில் சேர்ந்தாள். நாளை எவ்வளவு தூசி எழும்பும், அதனால் எவ்வளவு மின்சாரம் குறையும் என்று முன்கூட்டிச் சொல்வது வேலை. சொன்னது தவறினால் மறுநாள் கூட்டத்தில் அவளே எழுந்து ஒப்புக்கொள்ள வேண்டும். அளவீட்டில் ஓர் எண்ணை மாற்றிய ஒருவனை அவள் கண்முன்னே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சாத்திரியாரை அப்படி யாரும் எழுப்பி நிறுத்திக் கேட்டதில்லை. அக்கா சிவரூபிக்கு அமோகப் பொருத்தம் என்றவர் அவர்தான். அத்தான் இரண்டே வருடத்தில் மாரடைப்பில் போனார். ஊர் பழித்தது அக்காவை.

ஆனாலும் பிரவீணன் அவளுக்கு வேண்டும். இப்போது பேசிவரும் மாப்பிள்ளை அவன்; கத்தாரில், தோஹாவின் நஜ்மாவில் இருப்பவன், கல்யாணப் பேச்சுத் தொடங்கிய நாளிலிருந்து "சாப்பிட்டீரோ?" என்று தினமும் கேட்பவன். அவளை அப்படிக் கேட்க இந்த ஊரில் ஒரு நாதியில்லை. அவனும் நேற்று, "அம்மாவுக்காகத்தானே, மாத்திவிடுமன்" என்றான்.

அப்பாவின் அழைப்பைத் துண்டித்துவிட்டு, பிரவீணனின் தாய் சுந்தராம்பாளை அழைத்தாள்.

"அன்ரி, எனக்கு எட்டில செவ்வாய். அப்பா வேற சாதகம் தந்தா நம்பாதேங்கோ."

அந்தப் பக்கம் குரல் தாழ்ந்தது.

"நீர் இப்பிடிச் சொன்னபிறகு நானும் ஒளிக்கேலாது, பிள்ளை. அவனுக்கும் செவ்வாய்தான். நாங்களும் நேரத்தை மாத்தித்தான் எழுதினனாங்கள்."

செவ்வாய்க்குச் செவ்வாய் பொருந்தும். அது சாத்திரியார்களே சொல்லும் விதி. அதை நம்பாதவளே அந்தக் கணம் அதைச் சந்தோஷமாய்ப் பற்றிக்கொண்டாள்.

"அப்ப எங்களுக்குப் பொருத்தம்தானே, அன்ரி!"

"பொருத்தம்தான். ஆனா செவ்வாய் இல்லாத அந்தச் சாதகத்தைத்தானே ஊர் முழுக்கக் குடுத்தாச்சு. இப்ப பொய் எண்டு தெரிஞ்சா அவன்ர தங்கச்சிக்கு ஆர் வருவினம்? நீர்தான் கொஞ்சம் நேரத்தை மாத்தும். எல்லாம் சரிவந்திடும்."

கஜாலினி அழுதுவிட்டாள். அழுகையோடுதான் சொன்னாள்: "மாத்தமாட்டன், அன்ரி. நீங்கள் உங்கடயைத் திருத்துங்கோ. நான் காத்திருக்கிறன்."

அதன்பிறகு "சாப்பிட்டீரோ?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆவணியில் பிரவீணனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்குச் செவ்வாய் கிடையாதாம், சுத்தமான சாதகமாம். மாப்பிள்ளைக்கு இருப்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் இனி அந்தப் பெண்ணைத்தான் பழிப்பார்கள்.